முகப்புப் பக்கத்தில் என்ன போடுவது

"மூணு தடவை செஞ்சு கொடுத்துட்டேன் மேடம். மூணு தடவையும் 'இது இல்ல'ன்னுட்டாரு. எதுதான் வேணும்னு கேட்டா அவருக்கே சொல்லத் தெரியல."

செல்வின் ஞானராஜ் லேப்டாப்பைத் திறந்து மெஹருன்னிசா பக்கம் திருப்பி வைத்தான்.

அவள் அதைப் பார்க்கவில்லை. மொட்டை மாடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

செல்வினுக்கு நாற்பத்தேழு வயது. மெஹருன்னிசாவுக்கு முப்பத்திரண்டு. கற்றுக்கொள்ள வந்தவன் அவன்தான்.

சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் இருந்தவன். நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் ரோட்டோரப் பலகைகள் வடிவமைத்தவன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்கே குடும்பத்தோடு வந்துவிட்டான். இனி வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து பிழைக்கலாம் என்று எண்ணம்.

மேலப்பாளையத்தில் ஒரு பெண் தனியாளாக அந்த வேலையைச் செய்கிறாள், அவள் செய்து கொடுத்த இடத்தில் வேறொருவர் போய் வேலை கேட்டால் கிடைக்காது என்று யாரோ சொன்னார்கள். போய் நின்றான்.

"கத்துக்கொடுக்க எல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. சந்தேகம்னா வாங்க."

ஐந்து மாதமாக வந்துகொண்டிருக்கிறான்.

"யாருக்குச் செய்யுதிய?" என்றாள் மெஹருன்னிசா.

"வண்ணார்பேட்டையில இசக்கிமுத்துன்னு ஒருத்தர். செயற்கைக் கால் செய்ற பட்டறை வச்சிருக்காரு."

"எதுக்கு வெப்சைட்டுன்னு கேட்டியளா?"

"கேட்டேன். 'வர வேண்டியவங்க வர மாட்டேங்காங்க'ன்னாரு."

"அதுக்கு நீங்க என்ன கேட்டிய?"

"நான் ஒண்ணும் கேக்கல. நாலு டெம்ப்ளேட் காட்டுனேன்."

அவள் ஒரு தலையணை உறையை நான்காக மடித்தாள்.

"அந்தப் பட்டறையில போன் யாரு எடுக்கா?"

"தெரியாது."

"போய் நீங்க எடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"கேள்வி தீருத வரைக்கும்."

அவன் லேப்டாப்பை மூடினான். அவன் செய்திருந்த முகப்பில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு வெள்ளைக்காரர் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தார். அதற்கு மட்டும் இரண்டு நாள் ஆகியிருந்தது.



அன்று சாயங்காலம் மனைவி ஜெசிந்தா சொன்னாள்.

"சென்னையில உங்க பழைய கம்பெனியில இருந்து கூப்பிட்டாங்க. ஒண்ணாந்தேதிக்குள்ள வந்தா பழைய வேலையே தர்றாங்களாம். போறதா இருந்தா பிள்ளைக்கு ஸ்கூல் பாக்கணும். நீங்க ஒரு முடிவச் சொல்லுங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒண்ணாந்தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது.



பட்டறைக்கு ஏற மூன்று படி. பக்கத்தில் இரும்புக் கைப்பிடி. உள்ளே போனால் மாவுக்கட்டு வாசனை. சுவரோரம் ஒரு நீளக் கண்ணாடி, அதற்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடந்து பழக இரண்டு கம்பிகள்.

போன் ஓர் அலமாரித் தட்டில் கிடந்தது. யார் கை சும்மா இருக்கிறதோ அவர்கள் எடுப்பார்கள். யார் கையும் சும்மா இருப்பதில்லை. போன் முழுக்க வெள்ளைப் பொடி.

"போன் எடுக்கவா வந்தீங்க?" என்றார் இசக்கிமுத்து. ஐம்பத்தைந்து வயதுக்காரர். முழங்கை வரை மாவு. "வெப்சைட் செய்யுதவரு போன் எதுக்கு எடுக்கணும்?"

"எனக்கும் தெரியல. எடுக்கச் சொல்லியிருக்காங்க."

"சரி, எடுங்க. எனக்கு ஒரு தொல்லை விட்டது."

அரை மணி நேரத்தில் முதல் அழைப்பு.

"ஏங்க, நான் வயல்ல நாத்து நடுதவ. அந்தக் கால் நனையலாமா?"

செல்வினுக்குத் தெரியவில்லை. போனைப் பொத்திக்கொண்டு இசக்கிமுத்துவைக் கேட்டான். அவர் வேலையிலிருந்து தலையெடுக்காமல் பதில் சொன்னார். இவன் அதை அந்த அம்மாளுக்குச் சொன்னான். நோட்டில் எழுதிக்கொண்டான்.

அடுத்தது, கோவில்பட்டியிலிருந்து ஒரு தாய்.

"எம் மகளுக்கு ஒம்பது வயசு. அவ வளருவால்லா. கால் எப்படி வளரும்?"

"வருஷத்துக்கு ஒரு தடவ வரச் சொல்லுங்க. மாத்திக் கொடுப்போம்," என்றார் இசக்கிமுத்து.

அதற்கடுத்து ஒரு பெரியவர். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"கோயில்ல செருப்பு கழட்டுத இடத்துல இதையும் கழட்டி வைக்கணுமோ?"

இசக்கிமுத்து முதல் முறையாக நிமிர்ந்தார்.

"வேண்டாம்னு சொல்லுங்க. காலைக் கழட்டி வச்சா சாமி எப்படிக் கும்பிடுவாரு."

இப்படியே போனது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம். சுகரில் கால் எடுத்தவர்களுக்கும் செய்வீர்களா. சேலை கட்டினால் தெரியுமா. டிவிஎஸ் ஓட்டலாமா. அளவெடுக்கப் பொம்பளையாள் உண்டா.

ஒரு பையன் குரல், "வலிக்குமா?" என்று மட்டும் கேட்டது. பதிலை வாங்கிக்கொண்டு வைத்துவிட்டது.

மூன்று நாளில் நோட்டில் நாற்பத்தொரு கேள்வி சேர்ந்தது. பலகைகளுக்குப் படம் செய்த பதினெட்டு வருஷத்தில், அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வருகிற ஒருவரிடமும் அவன் பேசியதில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அது ஞாபகம் வந்தது.



மெஹருன்னிசா நோட்டைப் புரட்டினாள்.

"ஒரு கேள்விக்கு ஒரு சீட்டுன்னு கிழிங்க."

கிழித்தான்.

"எது முதல்ல வரணும், எதுக்கப்புறம் எதுன்னு அடுக்குங்க."

அது அவனுக்குத் தெரிந்த வேலை. பத்தே நிமிஷத்தில் மூன்று கட்டாக அடுக்கினான். எங்களைப் பற்றி. எங்கள் சேவைகள். தொடர்புக்கு. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு தலைப்புச் சீட்டு வைத்தான். பார்க்க ஒழுங்காக இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத அடுக்குனது யாரு?"

"நான்தான் மேடம்."

"உங்களுக்கு ரெண்டு காலும் இருக்குல்லா?"

அவன் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான்.



மறுநாள் பட்டறை பெஞ்சில் வேலாண்டி உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒரு விபத்தில் இடது கால் போய் ஆறு வருஷமாகிறது. பழைய செயற்கைக் காலில் மீதிக் கால் பொருந்துகிற கிண்ணம் தளர்ந்துவிட்டதால் புதிதாக மாட்டிப் பார்க்க வந்திருந்தார்.

செல்வின் சீட்டுகளை அவர் மடியில் வைத்து விஷயத்தைச் சொன்னான்.

"அடுக்கணும், அவ்வளவுதான?" என்றார் வேலாண்டி. எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்தார்.

'வலிக்குமா?' என்ற சீட்டு எல்லாவற்றுக்கும் மேலே போனது.

அடுத்தது, 'படி எத்தனை?'

"படியா?" என்றான் செல்வின். "அது கடைசியில, விலாசத்தோட வர வேண்டியதுல்ல?"

"விலாசம் தெரிஞ்சு வந்து, படியப் பாத்துட்டுத் திரும்பிப் போனவன் நான். இங்க இல்ல, வேற ஓரிடத்துல. அடுத்த ஒரு வருஷம் வெளியவே இறங்கல."

அவர் அடுக்கிக்கொண்டே போனார். 'எங்களைப் பற்றி' என்ற தலைப்புச் சீட்டு கைக்கு வந்தபோது இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பெஞ்சில் போட்டு அதன் மேல் டீ டம்ளரை வைத்தார்.

பாதியில் நிறுத்தினார்.

"ஒரு வெத்துச் சீட்டு கொடுங்க."

"எதுக்கு?"

"ஒரு கேள்வி விட்டுப்போச்சு."

அவரே எழுதினார். கூட ஓர் ஆள் வர வேண்டுமா?

"இத யாரும் போன்ல கேக்கலையே," என்றான் செல்வின்.

"கேக்க மாட்டாவ. கேட்டா, கூட வர ஆள் இல்லன்னு சொல்லணும்லா."

அதை மூன்றாவதாக வைத்தார்.

உள்ளேயிருந்து இசக்கிமுத்து சொன்னார். "வேண்டாம்னு போடுங்க. தனியா வந்தா ஆட்டோவுல இருந்து நான் இறக்கிக் கூட்டிட்டு வருவேன். எப்பவும் அப்படித்தான்."

"இத ஏன் எங்கிட்ட முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

இருவரையும் பார்த்து வேலாண்டி சிரித்தார்.



அன்று மத்தியானம் போன் அடித்தது.

"ஹலோ," என்றான் செல்வின்.

பதில் இல்லை. ஆனால் யாரோ இருந்தார்கள். தூரத்தில் ஒரு ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

"ஹலோ. சொல்லுங்க."

வைத்துவிட்டார்கள்.

"அதா," என்றார் இசக்கிமுத்து. "ரெண்டு மாசமா வருது. சோத்து நேரத்துக்கு அடிக்கும். பேசாது. நாம திரும்பப் போட்டா எடுக்காது. ஏதோ ராங் நம்பர், விடுங்க."

மறுநாளும் வந்தது. அதே நேரம். அதே ஃபேன்.

ராங் நம்பர் இரண்டு மாதம் வருமா என்று செல்வினுக்குத் தோன்றியது. நோட்டில் நேரத்தை எழுதினான். பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லாமல் ஒரு கோடு போட்டான்.

அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு மேலப்பாளையம் போனான்.

"மத்ததுக்கெல்லாம் பதில் எழுதிரலாம் மேடம். ஒண்ணுமே கேக்காத ஆளுக்கு வெப்சைட்டுல என்ன போடுறது?"

மெஹருன்னிசா அப்போது வேறு ஒருவருக்கான வேலையில் இருந்தாள். தன் போனை எடுத்தாள். ஏதோ அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.

செல்வினின் சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தான். அவள் பெயர். ஏறிட்டுப் பார்த்தான். எடுங்கள் என்பது போல அவள் தலையை அசைத்தாள்.

"ஹலோ."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ, மேடம்?"

அவள் திரும்பவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருப்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. துண்டித்தான்.

"யாரு கட் பண்ணது?" என்றாள்.

"நான்தான். நீங்க பேசலையே."

"நீங்க என்ன பேசினிய?"

"ஹலோன்னேன்."

"வேற?"

அவன் யோசித்தான். வேறு ஒன்றும் இல்லை.

அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.



அடுத்த இரண்டு நாள் செல்வின் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. காலையில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும் வரை எழுதினான்.

சூரியனை எடுத்தான். கடற்கரையில் ஓடியவரை எடுத்தான். ஒரே ஒரு படம் வைத்தான். பட்டறையின் மூன்று படியும் இரும்புக் கைப்பிடியும், போனில் எடுத்தது.

எழுத்தைப் பெரிதாக வைத்தான். வயலில் நின்று பார்த்தாலும் தெரிய வேண்டும்.

முதலில் எழுதியபோது, 'எங்களை அழையுங்கள்' என்ற பொத்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். கீழே இறக்கினான். திரும்பவும் பார்த்தான். எல்லாவற்றுக்கும் கடைசியில் கொண்டுபோய் வைத்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஜெசிந்தா டீயைக் கொண்டு வந்து வைத்தாள். திரையைப் பார்த்தாள். நின்றுகொண்டே வாசித்தாள். டீ ஆறும் வரை வாசித்தாள்.

"இது நீங்க எழுதினதா?"

"கொஞ்சம்தான் நான். மத்ததெல்லாம் அவங்க கேட்டது."

அவள் டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஸ்கூல் பாக்க வேண்டாம்," என்றான் செல்வின்.

அவள் தலையசைத்துவிட்டு, ஆறிய டீயைச் சூடாக்க எடுத்துக்கொண்டு போனாள்.



மறுநாள் பட்டறையில் இசக்கிமுத்து கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கண்ணாடி போட்டார். செல்வினின் போனை வாங்கி, விரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளி வாசித்தார். படிகளின் படத்தில் நின்றார். விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கைப்பிடிக்குப் பெயிண்ட் அடிச்சுட்டுப் படம் எடுத்திருக்கலாம்."

"அடிச்ச பிறகு மாத்திக்கலாம்."

மறுபடி வாசித்தார். 'இது இல்ல' என்ற அந்த இரண்டு வார்த்தைக்காகச் செல்வின் காத்திருந்தான். வரவில்லை.

"இத்தன நாள் இந்தப் பதிலையெல்லாம் நான் ஒவ்வொருத்தருக்கா கத்திக்கிட்டு இருந்தேன்," என்றார் இசக்கிமுத்து. "என் பேரு எங்க இருக்கு?"

"கடைசியில."

"கிடக்கட்டும். இன்னைக்கே போட்டுருங்க."

அப்போது அலமாரித் தட்டில் போன் அடித்தது. சோற்று நேரம்.

செல்வின் எடுத்தான்.

"ஹலோ."

ஃபேன் சுற்றும் சத்தம்.

அவன் இன்னொரு ஹலோ சொல்லவில்லை. இசக்கிமுத்துவின் கையிலிருந்து தன் போனை வாங்கினான். மேலே தள்ளி முதல் வரிக்கு வந்தான். வாசிக்கத் தொடங்கினான்.

"வலிக்குமான்னு நிறைய பேர் கேக்காங்க. அளவு எடுக்கும்போது வலிக்காது. ஈரத் துணி சுத்துற மாதிரி இருக்கும். புதுசா மாட்டி நடக்கும்போது முதல் ஒரு வாரம் உறுத்தும். உறுத்துற இடத்த நீங்க சொல்லணும், நாங்க சரி பண்ணுவோம்."

எதிர்முனையில் போனை வைக்கவில்லை.

"வாசல்ல மூணு படி இருக்கு. வலது பக்கம் கைப்பிடி இருக்கு. ஏற முடியலன்னா ஆட்டோவுல இருந்துக்கிட்டே ஒரு சத்தம் கொடுங்க. நாங்க வந்து தூக்கிக்கிடுவோம். கூட ஆள் வரணும்னு இல்ல. தனியா வரலாம். நிறைய பேர் தனியாத்தான் வாராங்க."

அடுத்த வரி, 'புதிய வாழ்வை நோக்கி உங்கள் முதல் அடி.' பழைய பக்கத்திலிருந்து அவன் ஆசைப்பட்டுக் காப்பாற்றி வைத்திருந்தது. வாய் வரை வந்தது. சொல்ல வரவில்லை. அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போனான்.

"கால் எடுத்து எத்தனை வருஷம் ஆனாலும் வரலாம். பன்னிரண்டு வருஷம் கழிச்சு வந்தவங்க நடக்காங்க. அளவெடுக்கப் பொம்பளையாள் செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் இருப்பாங்க. அன்னைக்கு வந்தா உள்ளே தனி அறையில பாப்பாங்க. தொளதொளன்னு பாவாடையோ நைட்டியோ போட்டுட்டு வந்தா சுலபம்."

இசக்கிமுத்து கையில் துண்டோடு அசையாமல் நின்றார்.

"வயல் வேலை செய்யலாம். சேலை கட்டினா தெரியாது. கோயிலுக்குப் போகலாம், கழட்ட வேண்டாம். முதல் நாள் வந்து சும்மா பாத்துட்டுப் போறதுன்னாலும் பாத்துட்டுப் போகலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அதோடு பக்கம் முடிந்தது. அதற்குக் கீழே இசக்கிமுத்துவின் பெயரும் 'எங்களை அழையுங்கள்' பொத்தானும்தான் இருந்தன. பொத்தானை எப்படி வாசிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அவ்வளவுதான்," என்றான். "ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க. சேத்துக்கிடுதேன்."

ஃபேன் சுற்றியது. எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது. அவன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. நெடுநேரம் பேசாதிருந்த ஒரு பெண்ணின் குரல்.

"அந்தத் தனி அறை, எந்தெந்தக் கிழமைன்னு சொன்னீங்க? கொஞ்சம் இருங்க, பேனா எடுத்துக்கிடுதேன்."